மேடம் வீட்டுத் துஷ்டி

தம்மாம்

அன்பு மனைவி ஹுஸ்னாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி?

இலஞ்சி நாச்சியார் மேடம் காலமானதை டீக்கடைக் கூட்டாளி சலீம் போனில் சொன்னான். ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகராக இருந்து ரிட்டயர்டான பிறகும், வீட்டிலேயே எத்தனை பேரைப் பேசித் தேற்றியவர்! துஷ்டி கேட்க வந்தது பதினோரு பேர்தானாம். போனால், 'இவனும் மேடத்திடம் வைத்தியத்துக்குப் போனவன்' என்று ஊர் சிரிக்குமே.

சிரிக்கப் பழக்கியவன் நான்தான். மேடம் வீட்டுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, உள்ளே நுழைகிறவனிடம், "ஏலே, நட்டு கழண்டுட்டோ? ஐந்தருவில தலையக் காட்டு, தெளிஞ்சிரும்!" என்று கத்துவேன். ஒருநாள் மேடமே வந்தார்.

"பாய், உங்களுக்குப் பயந்து எல்லாரும் பின்வாசல் வழியா வருதாங்க."

"அப்ப அங்கனயும் ஒரு பெஞ்சு போட்டுருதேன் மேடம்."

கடையே சிரித்தது.

அந்தப் பதினோரு பேரில் நீயும் ஒருத்தியாமே. ஆறு வருஷமாக வியாழன்தோறும் பின்வாசல் வழியாகப் போனதை அங்கே நீயே சொன்னாயாம். சலீம் சொல்லிச் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

ஊரிலிருந்து இங்கே வருகிற ஆளிடம் பூண்டு ஊறுகாய் கொடுத்துவிடு. இனி வியாழக்கிழமை யாரிடம் பேசுவாய்? எனக்கு போன் போடாதே, வாய் சும்மா இருக்காது. எழுது. எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் எனக்குக் கேலி மறந்துபோகும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

துல்கர்னைன்