உங்கள் புத்தகத்தை முதலில் வாங்கியவர்

என் அன்புப் பாவாவுக்கு,

நீங்கள் இல்லாமல் இன்னொரு ஆடிக் கிருத்திகையும் வந்து போய்விட்டது. காவடிக் கூட்டம் வடிந்து, ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது. உங்களைக் கட்டிய என் அக்கா நன்றாக இருக்கிறாள். உங்களுக்குச் சொல்ல ஒரு சேதி வைத்திருக்கிறேன். உங்கள் கதை புத்தகமாக வந்துவிட்டது.

நம்ப மாட்டீர்கள், தெரியும். திருப்பதி போகிற தனியார் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே, வண்டி நிற்கிற நேரத்தில் போனில் தட்டித் தட்டி நீங்கள் எழுதிய துப்பறியும் கதை. ஓடுகிற பஸ்ஸில் ஒரு வெள்ளி வேல் காணாமல் போகிறது, எல்லார் மேலும் சந்தேகம். அதைத் தூக்கிக்கொண்டு எத்தனை அச்சகம் ஏறி இறங்கினீர்கள்! ஐந்நூறு பிரதியாவது போட வேண்டும் என்றார்கள். "ஐந்நூறு பேர நான் எங்க போய்த் தேடுவேன்? என் பஸ்ஸே ரொம்ப மாட்டேங்குது" என்று சிரித்துவிட்டு வந்தீர்கள்.

இப்போது அந்தத் தொல்லை இல்லை. யாராவது ஒருத்தர் கேட்டால், அவருக்காக ஒன்றே ஒன்று அச்சடித்து வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். அதுவரை புத்தகம் எங்கேயும் இல்லை, கேட்டதும் இருக்கிறது. தாலுகா ஆபீஸ் எதிரில் இத்தனை வருஷமாக டிடிபி கடை நடத்துகிற எனக்கே இது இன்னும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

எந்த நிறுவனத்தில் போடுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். முதலில் பார்த்தது பெரிய இடம். எழுதியவருக்கு நல்ல பங்கு, நாடு முழுக்கப் போகும். அவர்களுடைய அமைப்பில் உங்கள் கதையை ஏற்றிப் பார்த்தால், தமிழ் முத்து முத்தாக வருகிறது, தெலுங்கு இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம். நீங்கள்தான் அழுத்தக்காரர் ஆயிற்றே. தமிழில் பேசினால் தமிழ் எழுத்து, தெலுங்கில் பேசினால் தெலுங்கு எழுத்து என்று மாற்றி மாற்றி எழுதி வைத்திருக்கிறீர்கள். இன்னொரு நிறுவனமோ ஏதாவது ஒரு மொழியைத்தான் தேர்ந்தெடுக்க விட்டது.

தெலுங்குப் பேச்சையும் தமிழ் எழுத்திலேயே போட்டுவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம் என்று அக்காவிடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"அவரு எப்படி எழுதினாரோ அப்படியே வரணும். எனக்கும் அந்த எழுத்து தெரியாதுதான். அதுக்கோசரம் அவரு பேசுனதுல பாதிய நாம மாத்திடறதா?"

மறுபடி தேடினேன். கடைசியில் சின்னதாக ஓர் இடம் கிடைத்தது. நாம் செய்து கொடுக்கிற பக்கத்தை அச்சு அசலாக அப்படியே அடிப்பார்கள். பங்கு குறைவு, பெரிய கடைகளுக்கும் போகாது. அக்கா இதுதான் என்றாள்.

கல்யாணப் பத்திரிகையைக்கூட மலைக்கு எடுத்துப்போய் சாமி காலடியில் வைத்த பிறகே ஊருக்குக் கொடுக்கிற வீடு நம்முடையது. முதல் புத்தகம் முருகனுக்கு என்று அக்கா முடிவு செய்திருந்தாள். நானும் நமக்கு ஒன்று கேட்டுவைத்தேன். ஆனால் அவள் சந்தோஷத்தில், இன்னும் பத்திரமாக வைத்திருக்கிற உங்கள் போனில் அன்றைக்கே சேதியை ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். நம்முடையது வந்து சேர்வதற்குள், உங்கள் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. புத்தகம் கையில் இருக்கிறது என்கிறார் முனிரத்னம், நகரியிலிருந்து. உங்கள் டிரைவர்தான். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாத மனிதர், மகளிடம் சொல்லி வாங்கியிருக்கிறார்.

சாமிக்கு முன்னால் இன்னொருத்தருக்குப் போய்விட்டதே, அக்கா என்ன சொல்வாளோ என்று பயந்தேன்.

"வண்டி எடுக்கறவருதான்டா மொதல்ல ஏறணும்," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் புத்தகத்தோடு வந்தார். தெலுங்கு வரிகளை மட்டும் படித்திருந்தார். மீதியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தூக்கம் வரவில்லையாம். அக்காவுக்கு அதே கஷ்டம், அந்தப் பக்கத்திலிருந்து. இரண்டு பேருக்கும் காதால் கேட்டால் இரண்டு பாஷையும் புரியும், எழுத்துதான் ஆளுக்கு ஒன்று. உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். தமிழ் வந்தால் அக்கா, தெலுங்கு வந்தால் அவர். உங்கள் பஸ்ஸே நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது பாவா. தெரிந்துதான் இப்படி எழுதினீர்களா?

கடைசி அத்தியாயம் ஏறக்குறைய முழுக்கத் தெலுங்கு. அந்த வெள்ளி வேலை எடுத்தது கண்டக்டரே. யாரோ திருடனின் கண் அதன் மேல் பட்டுவிட்டது, பத்திரமாக இருக்கட்டும் என்று டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான். தமிழில் கேட்டவர்களிடமெல்லாம் தெரியாது என்று சாதித்துவிட்டு, டிரைவரிடம் மட்டும் தெலுங்கில் உண்மையைச் சொல்கிறான். அந்த இடத்தை முனிரத்னம் இரண்டு தடவை படித்தார். அக்கா சிரித்தாள், பிறகு அழுதாள்.

"நெசத்துலயும் அவரு அப்படித்தான். வீட்டுக்குச் சொல்லாததெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்," என்றாள் அவரிடம்.

நான் சொன்னபடி தமிழ் எழுத்தில் மாற்றியிருந்தால் அக்கா தனியாக உட்கார்ந்து படித்து முடித்திருப்பாள். அவர் வந்திருக்கவே மாட்டார்.

நம்முடைய புத்தகம் இப்போது மலைக்குப் போய், சந்தனம் பட்டு, உங்கள் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பக்கம் அமைக்கும்போது, கடையில் பழகிய அரைகுறைத் தெலுங்கில் எழுத்துக் கூட்டி, கடைசி வரியில் ஒரே சொல் இரண்டு தடவை இருப்பதைப் பார்த்து, கை தவறித் தட்டிவிட்டீர்கள் என்று ஒன்றை அழிக்கப் போனேன். என்னவோ விட்டுவிட்டேன். ஒன்று தமிழில், ஒன்று தெலுங்கில். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் வந்தபோது, இரண்டு பேரும் ஒரே மூச்சில் சேர்ந்து படித்தார்கள்: "ரைட்."

ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன் பாவா. கேட்கிறவர் ஒரே ஒருத்தர் என்றாலும், நீங்கள் எழுதியபடியே அவருக்குப் போய்ச் சேரும்.

உங்கள் பேச்சைத் தாமதமாகக் கேட்ட மச்சினன்,
குமார்
திருத்தணி