சிவப்புப் பட்டை எந்தப் பக்கம்

1973 நவம்பர் 3, சனி

காலையிலிருந்து மழை. பள்ளிக்கூடம் லீவு. கூடத்தில் கொடி கட்டி ஈரத்துணி. தலை நிமிர்ந்தால் பாவாடை.

குடை பிடித்துக்கொண்டு காதர் பாய் தையல் கடைக்குப் போய் வெட்டுத்துணி வாங்கி வந்தேன். தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான், பிளவுஸ் தைத்த மிச்சம் குவிந்து கிடக்கிறது. ஒரு தலையணை உறை நிறையத் திணித்துக் கொடுத்தார். பாதிக்கு மேல் அரக்குச் சிவப்பும் பாட்டில் பச்சையும். தாம்பரத்துப் பெண்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு எடுத்த மாதிரி.

சர்ச் பெண்கள் சங்கத்தின் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஒட்டுத்துணி விரிப்பு ஒன்று. "போன வருஷ நட்சத்திரம், ரோஜாப்பூ எல்லாம் வேண்டாம். மாடர்னா ஏதாவது யோசி எஸ்தர், நீதானே தையல் டீச்சர்." மனோன்மணி அக்கா, சங்கச் செயலாளர். அவர்கள் சொன்னால் சொன்னதுதான்.

யோசனை: பன்னிரண்டு கட்டம். கட்டத்தின் நடுவில் சின்னச் சதுரம். சுற்றி நாலு பட்டை, நாலும் ஒரே அளவு, ஃபேன் இறக்கை சுற்றுகிற மாதிரி ஒன்றை ஒன்று துரத்த வேண்டும். வெளியே சாம்பல். பூவும் இல்லை, இலையும் இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோலவே இருக்கும்.

தைப்பதற்கு முன் தரையில் பரப்பிப் பார்த்தேன். நடுவில் சிவப்பு, சுற்றிப் பச்சை. எடுப்பாக வர வேண்டும். வரவில்லை. சிவப்பு உள்ளே போய்ப் பதுங்கிக்கொண்டது. மழை இருட்டு. கரண்ட் வேறு கம்மி.

மாத்திரை போட்டாயிற்று.

நவம்பர் 5, திங்கள்

நல்ல வெயில். இனி மழையைச் சாக்குச் சொல்ல முடியாது.

பள்ளி விட்டு வந்து வாசலில் வைத்து மறுபடி. சிவப்பு: பழைய செங்கல் தூள். பச்சை: அதே தூள், கொஞ்சம் நனைந்தது. கோபம் வந்து நேரே பாய் கடைக்கே போனேன்.

"என்ன பாய், சாயம் போனதையெல்லாம் என் தலையில கட்டிட்டீங்க?"

"இன்னா டீச்சரம்மா, பேஜார் பண்றீங்க? இதுவா சாயம் போனது? நெருப்பு மாதிரி கீது! நாலு ஜனம் முன்னால இப்படிச் சொல்லாதீங்க, அப்பறம் எவன் வருவான் கடைக்கு?"

ஜாக்கெட் அளவு கொடுக்க நின்ற ஒரு அம்மாள் துணியை வாங்கிப் பார்த்தாள். "நல்ல சிவப்புதாங்களே." என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

நவம்பர் 6, செவ்வாய்

எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

எனக்கு டி.பி. வீட்டில் இவருக்கு மட்டும் தெரியும். பள்ளியில் ஆஸ்துமா என்று சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தால் பிள்ளைகள் பக்கத்தில் விடுவார்களா? முதலில் ஊசி போட்டார்கள். காதுக்குள் வண்டு புகுந்தாற்போல இரைச்சல், எழுந்தால் தலைசுற்றல். அதை நிறுத்திவிட்டு இந்தப் புது மாத்திரை. கொடுக்கும்போதே டாக்டரம்மா சொன்னார்கள், இவரும் பக்கத்தில் இருந்தார்: "சிலருக்கு இது கண்ணைப் பாதிக்கும். சிவப்பு, பச்சை மாறித் தெரிஞ்சா ஒரு நாள்கூடத் தள்ளாம வந்து சொல்லணும்."

சொன்னால் மறுபடி ஊசி, ஆஸ்பத்திரிக் கட்டில், பள்ளிக்கு நீண்ட லீவு, அப்புறம் குட்டு வெளிப்படும். சொல்லாவிட்டால் கண். கண் போன தையல் டீச்சருக்கு என்ன வேலை? ஊசியில் நூல் கோக்கவும் ஆள் தேடுவாள்.

பயமாயிருக்கிறது.

இவரிடம் சொல்லவில்லை. இவர் மின்சார ரயில் ஓட்டுகிறவர், தாம்பரம் டூ பீச். சிவப்பும் பச்சையும்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. இவரிடம் எப்படிச் சொல்ல?

நவம்பர் 10, சனி

எனக்கு நானே பரீட்சை.
மைப்புட்டி, நீலம்: பாஸ்.
எலுமிச்சை: பாஸ்.
மிளகாய்த்தூள்: பழுப்பு.
கறிவேப்பிலை: அதுவும் பழுப்பு.
பிள்ளைகள் நோட்டில் சிவப்பு மையில் நானே போட்ட 'டிக்': தேட வேண்டியிருந்தது.

ஒருவேளை தூக்கம் கெட்டதால். ஒருவேளை கண்ணாடி மாற்ற வேண்டும். எஸ்தர், யாரை ஏமாற்றுகிறாய்?

கட்டத்தில் சிவப்பே வேண்டாம் என்று முடிவு. நடுவில் கடுகு மஞ்சள், நாலு பட்டையும் பச்சை. குவியலில் தேடித் தேடிப் பச்சையாகவே எடுத்தேன். தைத்து இஸ்திரி போட்டேன். மஞ்சள் நன்றாக நிற்கிறது. ஒரு கட்டமாவது முடிந்ததே.

ஏர்ஃபோர்ஸ் விமானம் கூரையை உரசிக்கொண்டு போயிற்று. கத்திரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன். இதற்கெல்லாம் பயந்தவளே இல்லை நான்.

நவம்பர் 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து சங்கக் கூட்டம். கட்டத்தை மேஜையில் வைத்தேன். முதலில் மனோன்மணி அக்கா:

"அடியே! மூணு பச்சைக்கு நடுவுல ஒத்தைச் சிவப்பு! எப்படிடி தோணுச்சு உனக்கு? இதுதான் மாடர்ன்! பன்னிரண்டும் இப்படியே வேணும். ஒவ்வொண்ணுலயும் சிவப்பை ஒவ்வொரு பக்கம் வை."

ஒத்தைச் சிவப்பா? நான் வைத்தது நாலும் பச்சை.

எது அக்கா என்று கேட்க முடியுமா? எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எந்த விரல் எந்தப் பட்டையில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லா விரலும் எல்லா இடத்திலும். "பாரு, எப்படி வெக்கப்படறா" என்றார் ஒருவர். வெட்கமா! டம்ளர் நழுவி, டீ முழுக்கப் புடவையில்.

வெளியே வந்தால் அக்கா இவரைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்க வீட்டம்மா கைக்குத் தங்க வளையல் போடணும் சார்! சிவப்பை எங்க வச்சிருக்கா பாருங்க!"

வீட்டில் இவர் கட்டத்தை வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஏன் ஒண்ணு மட்டும் சிவப்பு?"

"டிசைன்."

என் முகத்தைப் பார்த்தார். "எது சிவப்பு? காட்டு."

ஒன்றைத் தொட்டேன்.

துணியை மடித்து மேஜைமேல் வைத்தார். "எத்தனை நாளா எஸ்தர்?"

அழுதேன். திட்டினார், நன்றாகவே திட்டினார். "சிவப்பு விழுந்தப்புறமும் வண்டியை ஓட்டிக்கிட்டுப் போயிருக்கியே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" பிறகு இவரே காபி போட்டு வந்தார். சர்க்கரை இல்லை. இருவரும் குடித்தோம்.

நவம்பர் 12, திங்கள்

இவர் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார். டாக்டரம்மா கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்கள். மாத்திரை நிறுத்தம். மறுபடி ஊசி.

"திரும்பி வருமா டாக்டர்?"

"நிறையப் பேருக்கு வரும். மெதுவா வரும். எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன்."

கடைசி வாக்கியம் மட்டும் காதில் நிற்கிறது. அட்மிஷன் வேண்டாம், வீட்டிலிருந்தே வந்து ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மட்டுக்கும் ஸ்தோத்திரம்.

பள்ளிக்கு இவரே லீவு லெட்டர்: மெட்ராஸ் ஐ. ம. அக்காவிடமும் அதுவே. கேட்டதும் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்கள், துணி மூட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு ஓட்டம். முதல் கட்டத்தை நான் கொடுக்கவில்லை.

டிசம்பர் 8, சனி

காது இரைச்சல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடை.

கட்டிலுக்கு எதிரே கட்டத்தை ஆணியில் மாட்டியிருக்கிறது. இவர் யோசனை. தினமும் நான் பார்க்காதபோது திருப்பி மாட்டுவார். சிவப்பு என்று தெரிகிற பட்டையில் நான் குண்டூசி குத்த வேண்டும். திருப்பாமல் வைத்தால் இடத்தை ஞாபகம் வைத்துச் சொல்லிவிடுவேனாம். ரயில்வே கண் பரீட்சையில் வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கிற அந்தப் புத்தகத்தையே உருப்போட்டு வைத்திருக்கிற ஆட்கள் உண்டாம்.

இந்த வாரம்: தப்பு. தப்பு. சரி. தப்பு. தப்பு. அந்த ஒரு சரியும் குருட்டாம்போக்கு. கண்ணை மூடிக் குத்தினாலும் நாலில் ஒன்று விழும்.

தப்பானால் இவர் "பரவால்ல, நாளைக்குப் பாப்போம்" என்று வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். மழை பெய்த அன்றும் ஊற்றினார்.

கர்த்தாவே, மூச்சைக் கொடுத்துக் கண்ணை எடுத்துக்கொள்ளாதேயும்.

டிசம்பர் 30, ஞாயிறு

வெயில். ஆராதனைக்கு இவர் மட்டும் போய் வந்தார். சங்கத்தில் தைத்து முடித்த விரிப்பு முதல் நாளே விற்றுப்போனதை ம. அக்கா இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம்.

நேற்று சரி. முந்தாநாளும் சரி. எழுதவே பயம். பக்கத்து வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்குகிறது, சிவப்பு மாதிரி. இவரைக் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்?

இப்போது சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதுகிறேன். பின்னால் இவர் கட்டத்தைக் கழற்றி மாட்டுகிற சத்தம். "ஆச்சு" என்றார்.

மதியத்துக்கு ரசம், அப்பளம். பால் கணக்கு நாளைக்கு. குண்டூசியைக் கையிலேயே வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு வரி எழுதிவிட்டு

"எஸ்தர், எழுதினது போதும். திரும்பு."