டைட்டன் ஆற்றங்கரையில் உட்கார்ந்த இடம்

நடைப்பயணம், நாள் 3. 16:10. அருவிக்கு மேலே, ஆற்றங்கரை.

இன்று அடைக்கலத்திடம் சொல்லாதது: கரையில் உட்கார்ந்தேன். சனியின் இந்த நிலவில் உட்காரக் கூடாது. உடையின் சூட்டில் தரைக்குள் ஊறிய மீத்தேன் கொதித்து, தரையே உள்வாங்கும். அந்த விதியை எழுதி நிலையச் சுவரில் ஒட்டியவள் நான். உட்கார்ந்த இடம் சரிந்தது, இடது கால் முழங்கால்வரை புதைந்தது, இழுத்துக்கொண்டேன்.

நிலையத்தில் நானும் அடைக்கலமும் மட்டும்தான். மாலை அழைப்பில், "என்ன மதுரம், குற்றாலம் மாதிரி இருக்கா?" என்றான். இந்த அருவியில் திரவ மீத்தேன் அவசரமில்லாமல் இறங்குகிறது என்றேன். "அப்ப சோப்பு போட நேரம் இருக்கும்" என்றான். சரிவைச் சொன்னால் கேலி செய்வான். பிறகு நிலையத்துக்குத் திரும்பி வரச் சொல்வான். நான் தேடி வந்த பனி எரிமலையை இன்னும் பார்க்கவில்லை.

நாள் 4. 09:20. பனி எரிமலை அடிவாரம்.

வாயிலிருந்து அம்மோனியா கலந்த நீர் கூழாக வழிகிறது. நான் நடக்கும் வேகம்கூட அதற்கில்லை. இதைப் பார்த்த முதல் ஆள் நான். பக்கத்தில் திரும்பிச் சொல்ல யாருமில்லை.

09:50. இடது கால் சூடேற்றி நின்றுவிட்டது. நேற்று வளைந்த இணைப்பாக இருக்கும். பேட்டரியும் வேகமாக இறங்குகிறது. ஏழு மணி நேரம் தாங்கும். நிலையத்துக்குப் பதினொன்று வேண்டும்.

பழுதைச் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. வண்டி ஏறாத பாதை, மாற்று பேட்டரியோடு நடந்தே வருகிறேன் என்றான். "உன் கால்தடம் இருக்கு. அதையே பிடிச்சு வந்துடுறேன். நீயும் எதிர்ல நட." சரி என்றேன். அடுத்த அழைப்பில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

11:30. அவன் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டான். அலைவரிசையில் இரைச்சல் மட்டும்.

13:15. என் தடம் கரை விளிம்புவரை போகிறது. சரிந்த இடம் தூறல் பட்டு மேல்தோல் கட்டியிருக்கும், பள்ளம் அவன் கண்ணுக்குத் தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்கிறேன். இடது பாதம் இருப்பதே தெரியவில்லை. நடக்கிறேன்.

14:40. ஒருமுறை கிடைத்தான். நான் பேசுவதற்குள் அவன் பேசினான்: "மதுரம், உன் தடம் விளிம்பு வரைக்கும் போகுதே. உட்கார்ந்தியா நீ?" சிரித்தான். "என்கிட்ட மட்டும் ஒரு வருஷமா உட்காராதே, உட்காராதேன்னு—"

நில் என்று கத்தினேன். அது போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.

16:25. அவன் இறக்கிவைத்த பேட்டரிப் பை கரையிலிருந்து பத்தடி தள்ளி, கெட்டித் தரையில் இருந்தது. விளிம்பு உடைந்திருந்தது. அவன் தடம் அங்கேயே முடிந்தது. பேட்டரியை இணைத்துக்கொண்டேன்.

நாள் 5. 10:05. நிலையம். அருவியின் அடிவரை தேடினேன். அடைக்கலம் கிடைக்கவில்லை. பூமிக்கு அனுப்பிய அறிக்கையில் நாள் 3-ஐ முழுதாக எழுதியிருக்கிறேன்.