மியூசியத்தில் நம் தொட்டி

லாஸ்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு மகள் துர்காவுக்கு,

அம்மா அஞ்சலாட்சி எழுதுவது. நாங்கள் சுகம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? குழந்தை அபிக்குச் சளி விட்டதா? போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். தட்டாஞ்சாவடி கம்பெனியில் எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. தம்பி காலேஜுக்குப் போகிறான், படிப்பதாகத்தான் சொல்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது ஆறு கால் வைத்த மண்தொட்டி ஒன்று கிடைத்ததல்லவா? முதலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினோம். நீ பிறந்ததும் தேய்த்துக் கழுவி, அதில்தான் உன்னைக் குளிப்பாட்டினோம். பிறகு மியூசியத்துக்காரர்கள் எடுத்துப்போனார்கள். போன மாதம், பொருள் கிடைத்த இடத்து ஆட்களையெல்லாம் வரவழைத்துப் பேசச் சொன்னார்கள். அப்பா வரமாட்டேன் என்றார். விடுவேனா? இழுத்துக்கொண்டு போனேன்.

அது இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவர்களை வைத்துப் புதைத்த பேழையாம்! பயப்படாதே, நீ நன்றாகத்தானே வளர்ந்தாய். அதன் அடியில் இருக்கும் ஓட்டை ஏதோ சடங்குக்காகப் போட்டது என்று அதிகாரி செந்தமிழ்ச்செல்வி விளக்கினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது எங்க வூட்டுக்காரர் போட்ட ஓட்டைம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. அப்பாவிடம் மைக்கை நீட்டி, எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டார்.

நீ உன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போன இந்த மூன்று வருஷமாக, பிள்ளைகள் எத்தனை என்று யார் கேட்டாலும் அப்பா "ஒரே பையன்" என்றுதான் சொல்லிவந்தார். எனக்குப் பெற்ற வயிறு எரியும். அன்றைக்கு மைக்கை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு, "எம் பொண்ணு துர்காவுக்குத்தான். தண்ணி நின்னா கொழந்தைக்குச் சளி புடிக்கும்னு உளிய வச்சித் தட்டித் தட்டிப் போட்டேன்" என்றார். அத்தனை பேர் முன்னால், துர்கா!

போன வாரம் புது அட்டை வைத்துவிட்டார்கள். 'துளை: மகள் துர்காவைக் குளிப்பாட்டத் தந்தை கன்னியப்பன் இட்டது.' அப்பா இரண்டு முறை போய்ப் படித்துவிட்டு வந்தார். கேட்டால் அந்தப் பக்கம் வேலை என்கிறார்.

பொங்கலுக்கு மூன்று பேரும் வாருங்கள். அப்பா என்ன சொல்வாரோ என்று யோசிக்காதே. நேற்று பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கி வந்தார். யாருக்கு என்றேன், மாட்டுக்கு என்றார். காலையில் பார்த்தால் அதன் அடியில் ஓட்டை போட்டிருக்கிறார். எந்த மாடு ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் குடிக்கும்? வந்துவிடு, கண்ணு.

மூவரும் நோய்நொடியில்லாமல் இருங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
அம்மா