நாலு விரல் நுரை

நேற்று தண்ணீர் வடிகட்டி விற்க ஒரு பெண் வந்திருந்தாள். சமையலறைக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்து, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூடிக் குலுக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்க மேடம், நுரையே வரல. அவ்ளோ உப்பு." அவளை அவசரமாக அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதை இனியும் தள்ளிப்போட முடியாது.

அந்த நாட்களில் மந்தைவெளியில் நம் ஆறு வீட்டுக்கும் சேர்த்துத் தரைக்கடியில் ஒரே தொட்டி, சம்ப். கார்ப்பரேஷன் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில் நூல் மாதிரி வரும். மற்றதெல்லாம் போர் தண்ணீர். அதில் துவரம்பருப்பு எட்டு விசிலுக்கும் அசையாது, தலைமுடி சிக்குப் பிடிக்கும், பக்கெட்டெல்லாம் வெள்ளைப் படலம். நீ ஒரு பெண்கள் கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளர். அந்த வித்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். பழைய ஜாம் பாட்டிலில் சம்ப் தண்ணீர், பத்துச் சொட்டு சோப்புக் கரைசல், ஒரு குலுக்கல். எழும்பிய நுரையை விரல் வைத்து அளந்து மாடிப்படியில் நின்று அறிவிப்பாய். "இன்னிக்கு ஒரு விரல்தான், பருப்ப ஊற வெச்சிடுங்க." "ரெண்டு விரல், தலைக்குக் குளிக்கலாம்." எதிர்வீட்டு மாமிகூட "இன்னிக்கு எத்தனை விரல்?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்.

என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். நான் எதையும் நம்பாதவள். இருபது நிமிடம் காய்ச்சி, துணியில் வடிகட்டி, சந்தேகம் வந்தால் மறுபடியும் காய்ச்சுவேன். "நீ பெசன்ட் நகர் கடலையே காய்ச்சினாலும் உனக்குத் திருப்தி வராதுடி" என்று சிரிப்பாய். நீயோ கார்ப்பரேஷன் தண்ணீர் கூடுதலாக வரவேண்டும் என்று மனுமேல் மனு எழுதிக்கொண்டிருந்தாய்.

பொங்கல் முடிந்த வாரம் என் கணவர் ஒரு ப்ளம்பரைக் கூட்டிவந்து, கார்ப்பரேஷன் தண்ணீரைச் சம்ப்புக்குக் கூடுதலாக இழுக்க, தெருவிலிருந்து வரும் லைனில் நேராக ஒரு சின்ன மோட்டாரை மாட்டச் சொன்னார். சட்டப்படி தப்பு. தெருவில் பாதி வீட்டில் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் சாக்கு போட்டு மூடிவைத்தோம். சம்ப் மோட்டாரின் இரைச்சலில் அதன் சத்தம் யாருக்கும் தனியாகக் கேட்கவில்லை. போகும்போது ப்ளம்பர் என்னிடம்தான் சொன்னார். "இத்த வெச்சு இழுத்தா, பைப்புல எங்கனா ஓட்ட இருந்தா சாக்கடையும் சேந்து வரும்மா. வாட அடிச்சா நிறுத்திடு." அதை நான் மறக்கவும் இல்லை.

அடுத்த முறை தண்ணீர் வந்த அன்று உன் பாட்டிலில் நாலு விரல் நுரை. "என் மனு வேலை செஞ்சிடுச்சுடி" என்று ஆறு வீட்டுக் கதவையும் தட்டினாய். பத்தாவது படித்துக்கொண்டிருந்த உன் பெண் ஜெனியைக் கூப்பிட்டு, குழாயில் நேராக ஒரு டம்ளர் பிடித்து, "குடி, இளநீர் மாதிரி இருக்கு" என்று நீட்டினாய். உன் சந்தோஷத்தில் மண்ணைப் போட மனம் வரவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பொய். மோட்டார் விஷயம் தெரிந்தால் அடுத்த மனுவை எங்களைப் பற்றியே எழுதிவிடுவாய் என்று பயந்தேன்.

பத்து நாள் கழித்து முதல் பக்கெட்டில் லேசாக வாடை. கீழே கொட்டினேன். இரண்டாவதில் இருந்ததா இல்லையா, திரும்பத் திரும்ப முகர்ந்தும் நிச்சயமாகத் தெரியவில்லை. அன்றைக்குக் குழந்தையின் தண்ணீரை அரை மணி நேரம் காய்ச்சினேன். உன்னிடம் வந்து காய்ச்சச் சொல்லவில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஜெனிக்குக் கண் மஞ்சளானது. தண்ணீரால் வந்த காமாலை என்றார் டாக்டர். மறுநாள் விடியுமுன் என் கணவர் மோட்டாரைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார். தண்ணீர் மறுபடி நூலானது. நீ அதைக் கவனிக்கக்கூட இல்லை. கீழாநெல்லியை அரைத்தபடியே சொன்னாய்: "டெஸ்ட் பண்ணினதும் நான். குடின்னு குடுத்ததும் நான். நுரையப் பாத்தேனே தவிர வேற எதையும் பாக்கலையே. லேப்ல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியாதான்னு காலேஜ்ல கேக்கறாங்க." உன் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல தப்பு இல்லடி" என்றேன்.

ஜெனி பிழைத்தாள். பரீட்சையைப் பிறகு எழுதினாள். நீங்கள் வேளச்சேரிக்குக் குடிபோனீர்கள். நம் நட்பு விடவில்லை. எத்தனை பிறந்தநாள், எத்தனை கிறிஸ்துமஸ். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பி, கேக் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

உன் அடக்கம் முடிந்து உங்கள் வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தொண்டை வறண்டது. ஜெனி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு உடம்பு சரியானதுக்கு அப்புறம் அம்மா யாருக்கும் தன் கையால தண்ணி குடுத்ததே இல்ல ஆன்ட்டி. தாகம்னா, நீயே போய் எடுத்துக்கோன்னுதான் சொல்வாங்க. என் பசங்களுக்குக்கூட." உன் வீட்டில் நானும் இத்தனை வருஷம் நானேதான் எடுத்துக் குடித்தேன். நெருங்கியவள் என்ற உரிமையில் சொல்கிறாய் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். பாவி நான். ஜெனியிடம் அப்போதும் வாய் திறக்கவில்லை.

"போனவளுக்கு இனிமே தெரிஞ்சு என்ன ஆகப்போகுது" என்கிறார் என் கணவர். இருப்பவளுக்குத் தெரிய வேண்டும், அவள் அம்மாவின் கையில் ஒரு குற்றமும் இல்லை என்று. நாளை ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து ஜெனி வீட்டில்தான் இருப்பாள். போகிறேன். சொல்லி முடித்த பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்குமா, தெரியவில்லை.