திரைக்குள் வராத வலது கை

ஜனவரி 20, செவ்வாய். கரமனை.

மாலையில் குல்மார்க்கிலிருந்து இவர் வீடியோவில் வந்தார். பகல் முழுக்கப் பனிச்சரிவில் ஸ்னோபோர்டு கற்றுக்கொடுத்த களைப்பு. புதிதாக வந்தவர்கள் விழுந்த கதைகளைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். வலது கை ஒருமுறைகூடத் திரைக்குள் வரவில்லை.

"அந்தக் கையைக் காட்டுங்கோ" என்றேன். "சிக்னல் போறது" என்று வைத்துவிட்டார்.

ராத்திரி குழந்தை இடது கையால் தோசையைப் பிய்த்தாள். மாமியார் அதட்டினார்.

"இடக்கையால சாப்பிடப்படாதுடி!"

"அப்பாவும் இப்படித்தானே சாப்பிட்டா, பாட்டி?"

மாமியார் என்னைப் பார்த்தார். பிறகு அவளுக்கு ஊட்டிவிட்டார்.

மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. "காலம்பற கிளாஸ் இருக்கு, தூங்கறேன்" என்று குரலில் செய்தி வந்தது. ஒற்றைக் கையோடு அந்தச் சரிவில் எப்படி?

எப்போதும் டைப் செய்துதான் அனுப்புவார்.