சி ஷிஃப்ட்

செப். 2, செவ்வாய்

மூடாப்பு. மழை இல்லை. கம்பெனி பஸ்ஸில் ஏசி ஓடலை. யாரும் கேட்கவும் இல்லை.

வெள்ளி காலை நேர்காணல், வீடியோவில். கடலடி மண் ஆராய்ச்சி வேலைக்கு. இருக்கிறதே ஒரு இடம்தான். போன வருஷம் கிடைக்கலை. இந்த வருஷமும் இல்லைன்னா கம்பெனி பாண்டில் கையெழுத்து. அப்புறம் மூணு வருஷம் வல்லம் வடகாலில் இதே கழிவுநீர்த் தொட்டி.

படிக்க வேண்டியது: ஐந்தரைக் கோடி வருஷத்துக்கு முந்தைய வெப்பம். காற்றில் கார்பன் ஏறினது, கடல் அதைக் குடிச்சு அமிலப் பக்கம் சாய்ஞ்சது. அடியில் கிடந்த நுண்ணுயிர்களோட பொடி ஓடுகள், அதாவது சுண்ணாம்பு, கரைஞ்சது. வெள்ளை மண்ணுக்கு நடுவே செங்களிமண் பட்டை. அதே மட்டத்தில் மிச்ச ஓடுகளில் எடை குறைஞ்ச வகைக் கார்பன் திடீர்னு கூடுது. கார்பன் ஷிஃப்ட். என் சுருக்கத்தில் சி ஷிஃப்ட். கண்டிப்பா கேட்பாங்க.

ஷாம்பு, சிம் ரீசார்ஜ், இஸ்திரி.

செப். 3, புதன்

இசக்கி உபகாரம் பண்ணியிருக்கான். ரூம் மேட், திருநெல்வேலி, எங்க கம்பெனியிலேயே பெயின்ட் லைன். நாளைக்கு ராத்திரி சி ஷிஃப்ட்டைத்தான் பார்க்கணும்னு காலையில் அவனிடம் சொன்னேன். எங்க எல்லாருக்கும் சி-ன்னா நைட். அவன் கேன்டீனில் ஷிஃப்ட் இன்சார்ஜ் தனசேகர் சாரிடம் எனக்காகச் சிபாரிசு பண்ணி நைட் வாங்கிட்டான். நைட்டை ஆசைப்பட்டுக் கேட்ட முதல் ஆள் நான்தானாம்.

மாத்தச் சொல்லி சார் முன்னாடி போய் நின்னேன்.

"இன்னாபா, நீயா கேட்டு வாங்கிக்கினு இப்ப மாத்துன்ற? அந்த நைட்டுக்கு இருந்தவன் ஊருக்கு பஸ் ஏறிட்டான்."

இசக்கியைத் திட்டினேன். அசரலை. "கடலுக்கும் ஷிஃப்ட் உண்டுன்னு எவம்லே கண்டான்?"

செப். 5, வெள்ளி, மதியம்

தூங்கலை. கண் எரியுது.

நேத்து நைட் பெயின்ட் லைனில் பழைய ஆசிட் டேங்கைக் கொஞ்சம் கொஞ்சமா விடாமல் ஒரே மூச்சில் திறந்துட்டாங்க. அது வந்து விழற என் தொட்டியில் சுண்ணாம்புக்கல் நிறைய இருக்கு, தாங்கும்னு நினைப்பு. தாங்கலை. கல்லுக்கு மேலே ஜிப்சம் மாவு மாதிரி படிஞ்சு அடைச்சுக்கிட்டது. வெளியே போற வால்வை மூடி, லைனை நிறுத்தி, சுண்ணாம்புப் பால் விட்டோம். தேற மூணு ஷிஃப்ட் ஆகும்னு ரிப்போர்ட் எழுதிட்டு வந்து, சட்டை மாத்தி, லேப்டாப் முன்னாடி.

மூணு பேர். நடுவில் ஒரு மேடம். ஷிஃப்ட் கேள்வி வந்தது, சொன்னேன். அப்புறம், கடல் தேற எவ்வளவு காலம் ஆச்சுன்னு கேட்டாங்க.

"மூணு ஷிஃப்ட், மேடம்."

ஒருத்தர் சிரிச்சார். லட்சம் வருஷத்துக்கும் மேலன்னு திருத்தினேன். செத்தேன்னு நினைச்சேன். மேடம் விடலை. எந்த மூணு ஷிஃப்ட்?

தொட்டிக் கதையைச் சொன்னேன். மெதுவா வந்தா கல் கரைஞ்சு சரிக்கட்டும். மொத்தமா வந்தா கல் இருந்தும் பிரயோஜனமில்லை. அன்னிக்குக் கார்பன் வந்தது ஆயிரக்கணக்கான வருஷத்தில். அதுக்கே கடலடி கரைஞ்சது. நாம விடுறது சில நூறு வருஷத்தில்.

"அன்னிக்கும் தேறிடுச்சே. அப்புறம் என்ன?"

"தொட்டிக்கு வால்வு இருந்தது மேடம், மூடினேன். கடல்ல யாரும் இன்னும் மூடலை."

எழுதிக்கிட்டாங்க. நல்லதா கெட்டதா, தெரியலை.

செப். 8, திங்கள்

மெயில் இல்லை. எச்.ஆர். பாண்ட் பேப்பரை மேஜையில் வெச்சுட்டுப் போனார். பேனா இல்லைன்னேன். தன் பேனாவையே கொடுத்தார். வியாழக்கிழமை வரை டைம் கேட்டேன். முகம் கோணிச்சு, கொடுத்தார்.

இசக்கி பேசவே பயப்படறான். நல்லது.

செப். 11, வியாழன்

கேன்டீன். லெமன் சாதம். மெயில்.

கிடைச்சிருக்கு. ரெண்டு தடவை படிச்சேன். முதல் ஆறு மாசம் வேலை: கடலடி மண்ணைச் சல்லடையில் கழுவி ஓடு பொறுக்கறது.

இசக்கி எட்டிப் பார்த்தான். "இவ்ளோ படிச்சு, அங்க போயும் கழுவத்தானாடே?"

ஆமான்னேன். அவன் அப்பளத்தையும் எடுத்துத் தின்னேன்.